மூன்று சகோதரிகள், மூன்று உறவு வீடுகள்: ஐரோப்பாவை எப்படிச் சுற்றுவது?

பாரிஸின் புறநகரில் அண்ணா. ஜேர்மனியின் ஹாம் நகரில் மாமாவின் மகள், எங்கள் மச்சாள். சுவிஸில், சூரிச்சுக்கு அருகே, எண்பதைத் தாண்டிய சின்னம்மா. யாழ்ப்பாணத்தில் இப்படி நாலு நாட்டில் உறவு இல்லாத வீடு அரிது. பெரியக்கா, நான், தங்கை மூவருமாக இவர்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும், அப்படியே ஐரோப்பாவையும் பார்க்க வேண்டும் என்று பேச்செடுத்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. கொழும்பிலிருந்து புறப்படும் குழுச் சுற்றுலா ஒன்றில் சேர்ந்து, அதன் முடிவில் உறவுகளைப் பார்ப்பது. ரயிலில் நாங்களாகவே வீடு வீடாகப் போவது. அல்லது எல்லாவற்றையும் மருமகன்மாரின் கார்களிடம் ஒப்படைத்துவிடுவது.

நாங்கள் ரயிலைத் தேர்ந்தோம். உறவு வீடுகளை நம்பிப் போகிற எவருக்கும் அதையே சொல்வேன். மற்ற இரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஏனென்றால் எல்லாக் குடும்பத்தின் நிலைமையும் ஒன்றல்ல.

பயண முகவரிடம் போகுமுன் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் போய்த் தங்கப்போகும் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் உறவுகள் வேலைக்குப் போகிறவர்கள். விடிய ஐந்து மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் உண்டு. உணவகத்தில் இரவு வேலை முடித்து நடுநிசியில் வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருப்பார்கள். விருந்தினர் வந்திருக்கிறார்கள் என்பதற்காக இரண்டு வாரம் லீவு போட எவராலும் முடியாது. ஜேர்மனியில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் உறுதி செய்யும் விடுமுறை வருடத்துக்கு 20 நாள். சுவிஸில் குறைந்தது நான்கு வாரம், பிரான்ஸில் ஐந்து. அந்த விடுமுறையில்தான் அவர்கள் ஊருக்கு வருவதும், பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போவதும். அதில் கை வைக்க எங்கள் மூவருக்கும் மனமில்லை.

ஆகவே வேலைநாளின் பகல் நமக்கு ஊர் பார்க்கும் நேரம். மாலையும் ஞாயிறும் உறவுக்கான நேரம். இந்த ஒரு ஏற்பாட்டுக்கு எந்தப் பயண முறை ஒத்துவருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குழுச் சுற்றுலா

குழுச் சுற்றுலாவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வழக்கமான சுற்று பாரிஸில் தொடங்கி, பிரசெல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், சுவிஸில் ரைன் நீர்வீழ்ச்சியும் டிட்லிஸ் பனிமலையும், பிறகு ஒஸ்ரியாவின் ஒரு மூலை, வெனிஸ், பீசா, ரோம் என்று முடியும். இரவில் சோறும் கறியும் கிடைக்கும். பெட்டியை பஸ்ஸின் வயிற்றில் ஏற்றினால் விடுதி வாசலில்தான் இறங்கும். ஈஃபில் கோபுரத்தின் டிக்கெட் உட்பட நுழைவுச்சீட்டுகளைக் குழுவே முன்கூட்டி வாங்கி வைத்திருக்கும். தனியாகப் போகிறவர்கள் பலருக்கு அந்த டிக்கெட் தீர்ந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கும். உறவினர் எவரும் இல்லாதவர்கள், ஆங்கிலம்கூடத் தயக்கமாக இருப்பவர்கள், ஒரே முறையில் ஆறேழு நாடுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று விரும்புகிறவர்கள் வேறு யோசனை செய்யவே தேவையில்லை.

உறவைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் அது பொருந்தாது. குழு பஸ் கொலோனில் நிற்கும். மச்சாள் இருக்கும் ஹாம் அங்கிருந்து சுமார் 110 கிலோமீற்றர். குழு ரைன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு மலை அடிவாரத்துக்குப் போகும். சின்னம்மாவின் வீடு அந்தப் பாதையிலிருந்து சிறிது நேர ஓட்டத்தில்தான் இருக்கும். ஆனால் பஸ் திரும்பாது, திரும்பவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சாரதி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். சாதாரணமாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதனால் பஸ்ஸின் நாள், நிமிடக் கணக்கில் வகுக்கப்பட்டது. அதிகாலை எழுப்பும் மணியும் ஓரிடத்தில் 40 நிமிடம் என்ற கட்டுப்பாடும் வழிகாட்டியின் கடுமையால் வருவதில்லை. பெரியக்காவுக்குக் காலையில் மருந்து, சாப்பாடு, கொஞ்சம் கால் நீட்டல் என்று ஒரு ஒழுங்கு உண்டு. ஏழு மணிக்கு பஸ்ஸில் ஏறும் பயணத்தில் அந்த ஒழுங்கு முதல் நாளே போய்விடும்.

அண்ணாவிடம் இதைச் சொன்னபோது, உறவினரை விடுதிக்கு வரச்சொன்னால் போதாதா என்று கேட்டார். விடுதிகள் பெரும்பாலும் நகருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. வேலை முடித்துக் களைத்து வரும் ஒருவரை அங்கே வரவழைத்து, வரவேற்பறைச் சோபாவில் அரை மணி நேரம் பேசி அனுப்புவதற்கு இத்தனை ஆயிரம் மைல் போக வேண்டுமா?

இரண்டையும் சேர்க்க விரும்புகிறவர்கள் சுற்றுலாவை முதலிலும் உறவு வீடுகளைப் பின்னாலும் வைத்துக்கொள்ளுங்கள். களைப்புக்குப் பிறகு வீட்டுச் சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும். திரும்பும் விமானத்தைத் தள்ளிப்போட முடியுமா, குழுவிலிருந்து எந்த நகரில் விலகலாம், விசா நாட்கள் அதற்கு ஏற்றபடி கேட்கப்படுமா ஆகிய மூன்றையும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டும். சுற்று ரோமில் முடிந்தால் அங்கிருந்து பாரிஸுக்கோ சூரிச்சுக்கோ தனிச் செலவு என்பதையும் கூட்டிப் பாருங்கள். மூன்று சகோதரிகள் ஒரே அறை கேட்டால் மூன்றாவது கட்டில் பெரும்பாலும் மடக்குக் கட்டிலாக இருக்கும். முதுகுவலிக்காரர் யார் என்பது தெரிந்தால் இதன் கனமும் தெரியும்.

மருமகனின் கார்

சின்னம்மாவின் பேரன் நல்ல பிள்ளை. “மாமி, நான் வந்து ஏற்றுறன், ஒன்றுக்கும் யோசிக்காதையுங்கோ” என்று தொலைபேசியில் சொன்னான். மனதுக்கு மிக இதமான வழி இதுதான். நீண்ட தூரத்துக்கு மிகச் சிரமமான வழியும் இதுதான். சூரிச்சிலிருந்து பாரிஸுக்கு 600 கிலோமீற்றருக்கு மேல். ஏற்றிவந்து திரும்பிப் போனால் அந்தப் பிள்ளையின் இரண்டு நாள் போய்விடும். ஐந்து பேர் அமரும் காரில் நாங்கள் மூவர், ஓட்டுநர், மூன்று பெரிய பெட்டிகள், திரும்பும்போது இன்னும் இரண்டு பைகள் என்று எண்ணிப் பார்த்தால் பின்பெட்டி மூடாது. பிரான்ஸ் நெடுஞ்சாலைகளில் சுங்கம் கட்ட வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு வருடத்துக்கு 40 பிராங்க் ஒட்டுச்சீட்டு. பாரிஸ் நகருக்குள் நுழைய வண்டியின் புகை அளவைக் காட்டும் வில்லை வேண்டும்; தரிப்பிடம் தேடுவது தனி வேலை.

ஆனால் காரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஒரு குளக்கரைக்கோ கோயிலுக்கோ போக அதற்கு இணையில்லை. சின்னம்மாவைச் சக்கர நாற்காலியோடு ரைன் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் கார்தான் வேண்டும். 23 மீற்றர் உயரம், 150 மீற்றர் அகலம். உயரத்தில் பெரிதல்ல, அகலத்தால் மிரட்டும் நீர்வீழ்ச்சி அது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ரயில், வீட்டைச் சுற்றிய ஞாயிறுக்குக் கார் என்று பிரித்துவிட்டால் பேரனுக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மனச்சாட்சி உறுத்தாது.

விமானத்தையும் தூர பஸ்ஸையும் ஒரு பந்தியில் முடித்துவிடலாம். பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு வானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம்தான். ஆனால் விமான நிலையத்துக்குப் போகும் நேரமும், மலிவு விமானங்கள் பெட்டிக்குத் தனியாக வாங்கும் பணமும் சேர்ந்தால் லாபம் கரைந்துவிடும். பஸ் மிக மலிவு. இருபது வயதுப் பிள்ளைகள் இரவில் ஏறிக் காலையில் இறங்கி நேரே வேலைக்குப் போகிறார்கள். அறுபதைத் தொட்ட முழங்கால்கள் ஓர் இரவு முழுவதும் மடங்கியே இருக்கக்கூடாது.

ரயில்: பாஸ் வாங்கலாமா?

ரயில் என்றவுடன் எல்லோரும் சொல்வது, ஒரே சீட்டில் பல நாடுகளில் ஏறி இறங்க விடும் யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், அங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். கூடவே வரும் அண்ணன் மகளுக்கு நீங்கள் வாங்கும் பாஸ் பொருந்தாது. அவள் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும். 33 நாடுகளில் செல்லும் பாஸில் மிகச் சிறியது ஒரு மாதத்துக்குள் நான்கு பயண நாட்கள். அடுத்து ஐந்து, ஏழு, பிறகு இரண்டு மாதத்துக்குள் பத்து, பதினைந்து என்று போகும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு பத்து வீதம் கழிவு உண்டு.

பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸிலிருந்து கொலோனுக்குப் போகும் யூரோஸ்டார், சூரிச்சுக்குப் போகும் டிஜிவி லீரியா இரண்டிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். பாஸ் இருந்தாலும் அதற்குத் தனிப் பணம். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளும் அளவானவையே. ஜேர்மனியின் ஐசிஇ என்ற அதிவேக ரயில்கள், சுவிஸின் சாதாரண ரயில்கள் இவற்றில் அந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் பயணத்தில் நெடுந்தூரம் மூன்றுதான்: பாரிஸிலிருந்து ஹாம், ஹாமிலிருந்து சூரிச், சூரிச்சிலிருந்து பாரிஸ். அதில் இரண்டில் பாஸுக்கு மேலே முன்பதிவுப் பணமும் கட்ட வேண்டும். மூன்று டிக்கெட்டையும் மாதக்கணக்கில் முன்னதாக வாங்கினால் பாஸைவிட மலிவாக முடியும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் தங்கி நகர்கிறவர்களுக்குத் தனி டிக்கெட். ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிஸ் என்று நாளுக்கொரு நகரம் நினைத்தபடி ஏறி இறங்குகிறவர்களுக்கு பாஸ். இதில் எனக்கு ஐயமில்லை.

மலிவு டிக்கெட்டுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜேர்மன் ரயில்வேயின் கழிவு டிக்கெட் குறித்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். நீங்கள் பிந்திப் போய் அதைத் தவறவிட்டால் டிக்கெட் போய்விடும். ஆனால் ஒரே டிக்கெட்டில் வரும் முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்தக் கட்டு விலகிவிடும். அடுத்த ரயிலில் ஏறலாம். போய்ச் சேர ஒரு மணி நேரம் பிந்தினால் கட்டணத்தில் கால்பங்கும், இரண்டு மணி நேரம் பிந்தினால் பாதியும் கேட்டுப் பெறலாம். ஜேர்மன் ரயில்கள் தாமதத்துக்குப் பேர் போனவை. மச்சாள் வீட்டில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே குரலில் ஆமோதிப்பார்கள். ஆகவே பாசல் நகரில் சுவிஸ் ரயிலுக்கு மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பாசலிலிருந்து சூரிச்சுக்கு அடிக்கடி ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் பதற்றம் வேண்டாம்.

வழியிலேயே இருக்கும் காட்சிகள்

ரயிலை நான் விரும்பிச் சொல்வதற்கு முதற் காரணம், பார்க்க வேண்டியவற்றில் பல அதன் பாதையிலேயே இருப்பதுதான்.

பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து யூரோஸ்டார் மூன்றேகால் மணி நேரம் அளவில் கொலோனுக்குப் போய்விடுகிறது. கொலோன் நிலையத்தின் கதவைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் தேவாலயம் முன்னால் நிற்கும். தேடிப் போக வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டியதுதான். 157 மீற்றர். 1248இல் அடிக்கல் வைத்து 1880இல் முடித்தார்கள். நடுவில் நூற்றாண்டுக்கணக்கில் வேலை நின்று கிடந்தது. பெட்டிகளை நிலையத்திலேயே பூட்டி வைத்துவிட்டு, தங்கை கோபுரத்தின் 533 படிகளை ஏறிப் பார்க்க, அக்காவும் நானும் உள்ளே கண்ணாடி ஓவியங்களுக்குக் கீழே அமர்ந்திருந்தோம். அவள் மூச்சு வாங்க இறங்கி வரும்வரை ஒருவரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. பிறகு ஹாமுக்குப் பிராந்திய ரயில். குழு பஸ்ஸில் இந்த நகரத்துக்குக் கொடுப்பதைவிட அதிக நேரம், எங்களுக்கு ஆன மேலதிகச் செலவு பெட்டி அறைக் கட்டணமும் தங்கையின் கோபுர டிக்கெட்டும் மட்டுமே.

ஹாம் சுற்றுலா வரைபடத்தில் இல்லாத நகரம். எங்களுக்கோ அங்கே காமாட்சி அம்பாள் இருக்கிறாள். உவென்ட்ரொப் என்ற பகுதியில், தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு நடுவே, 17 மீற்றர் கோபுரத்தோடு 2002இல் எழுந்த கோயில். மே முடிவிலோ ஜூனிலோ வரும் தேருக்கு ஐரோப்பாவின் நாலு திசையிலிருந்தும் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பல ஆண்டுகள் காணாத உறவுகளையும் பள்ளித் தோழிகளையும் ஒரே வீதியில் காணலாம். ஆகவே தேரையொட்டிப் பயணத்தை வைத்தால், பார்க்க வேண்டிய வீடுகளில் நான்கைந்து தானாகக் குறைந்துவிடும்.

ஹாமிலிருந்து சூரிச்சுக்குப் போகும்போது டிக்கெட் தேடும் இயந்திரம் வேகமான ரயிலையே முதலில் காட்டும். அது கொலோனுக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையே 2002இல் திறந்த அதிவேகப் பாதையில், மலைகளைக் குடைந்து போகிறது. ரைன் நதி கண்ணில் படாது. கொப்ளென்ஸ், மைன்ஸ் வழியாக ஆற்றங்கரையோடு போகும், ஐசி என்ற சற்று மெதுவான நெடுந்தூர ரயிலைத் தேடி எடுங்கள். நேரம் கூடும்; கூடட்டும். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னல்தான் ஆற்றுப் பக்கம். கொப்ளென்ஸைத் தாண்டியதும் இரு கரையும் நெருங்கி வருகின்றன. சரிவெல்லாம் திராட்சைக்கொடி, சற்றுத் தூரத்துக்கொரு கோட்டை, சரக்குப் படகுகள் எங்கள் ரயிலோடு போட்டியிட்டுப் பின்தங்குகின்றன. லோரெலைப் பாறை இருக்கும் இடத்தில் ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவருவதால் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். அதற்குச் சற்று மேலே, ஆற்றின் நட்டநடுவே, நங்கூரமிட்ட கப்பல் போல ஒரு வெள்ளைக் கோட்டை நிற்கிறது. போகிற படகுகளிடம் சுங்கம் வாங்க 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. பேச்சு ஓயாத எங்கள் மூவருக்கும் அந்த ஒரு மணி நேரம் பேச்சு வரவில்லை. 2002இல் யுனெஸ்கோ மரபுரிமையாக அறிவித்த பள்ளத்தாக்கு இது. தனி டிக்கெட் கிடையாது, ஜன்னல் போதும்.

பாரிஸில் பகல்கள்

ஒரு வீட்டில் தங்கி நகரைப் பார்ப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. செவ்வாயில் லூவர் பூட்டியிருக்கும் என்றால் புதனில் போகலாம். மழை என்றால் வீட்டில் இருக்கலாம். வாரப் பயண அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும் என்பதால், வியாழனில் வந்து இறங்குகிறவர்கள் அந்த வாரத்துக்கு அதை வாங்கிப் பயனில்லை. தனி டிக்கெட்டே போதும்.

பாரிஸ் மெட்ரோவில் படிகள் அதிகம், மின்தூக்கி குறைவு. 14ஆம் இலக்கப் பாதை மட்டும் முழுவதும் மின்தூக்கி கொண்டது. பெரியக்காவுக்கு நாங்கள் கண்ட வழி பஸ். கார் து நோருக்கு அருகே 38ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் நகரின் நடுவைக் கடந்து, செய்ன் நதியைத் தாண்டி, நோத்ர தாம் தேவாலயத்தின் பக்கத்தில் இறங்கலாம். 2019 ஏப்ரலில் எரிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த தேவாலயம். உள்ளே போகக் கட்டணம் இல்லை. கழுவித் துடைத்த கல்லின் வெண்மையைப் பார்த்த பழைய பாரிஸ்வாசியான அண்ணாவே திகைத்துப்போனார். அவருக்குத் தெரிந்தது கரிபடிந்த நோத்ர தாம்.

திரும்பும்போது தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கி, இரவுச் சமையலுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மீனும் வாங்கிப் போவோம். இதை ஒரு சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. உறவு வீட்டில் தங்குவதால் விடுதிச் செலவு மிச்சம் என்று கணக்கெழுதுகிறவர்கள், அந்த வீட்டின் அரிசியும் மின்சாரமும் எங்கள் கணக்கில் வராவிட்டாலும் அவர்கள் கணக்கில் வருகிறது என்பதை நினைக்க வேண்டும். காசாகக் கொடுத்தால் அண்ணா கோபிப்பார். வேலையிலிருந்து அண்ணி வரும்போது சமையல் முடிந்திருந்தால் அவர் முகத்தில் தெரியும் நிம்மதிக்கு ஈடான பரிசு எதையும் கொழும்பில் வாங்க முடியாது. மூன்று பெண்கள் சேர்ந்து போவதன் பெரிய வசதியும் அதுதான்: ஒருத்தி காய் நறுக்க, ஒருத்தி அடுப்பில் நிற்க, ஒருத்தி பிள்ளைகளோடு இருக்கலாம்.

ஊரிலிருந்து கொண்டுபோவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறைச்சியோ, நெய், பால்கோவா போன்ற பால் சேர்ந்த எதுவுமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. மாம்பழத்துக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. கருவாட்டை அளவோடு கொண்டுபோகலாம், வாசனை வெளிவராமல் கட்டினால்.

சுவிஸ்: எந்த மலை?

சுவிஸில் எல்லோரும் பனிமலைக்குப் போகச் சொல்வார்கள். யுங்ஃபிராவ்யோக் 3,454 மீற்றரில் இருக்கிறது. 1912இலேயே ரயில் ஏறிவிட்ட இடம். டிட்லிஸ் உச்சி நிலையம் 3,020 மீற்றர். இரண்டும் அழகு, இரண்டும் விலை. பெரியக்காவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. அந்த உயரத்தில் மூச்சும் தலையும் எப்படியிருக்கும் என்று மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. நாங்கள் ரிகிக்குப் போனோம். 1,798 மீற்றர்தான். லுசேர்னிலிருந்து படகில் விட்ஸ்னவ் போய், அங்கிருந்து பற்சக்கர ரயில். 1871இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அது. மேலே நின்றால் ஒரு பக்கம் குளங்கள், மறுபக்கம் பனிச்சிகரங்கள் வரிசையாக. பனியைக் கையால் தொட ஆசைப்பட்டவள் தங்கை மட்டுமே. அவள் சின்னம்மாவின் பேத்தியோடு இன்னொரு நாள் டிட்லிஸ் போய்வந்தாள். மூவரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கைவிட்டதும் சண்டைக்கு இடமில்லாமல் போனது.

சுவிஸ் டிராவல் பாஸில் ரயில், படகு, ரிகி மலை ரயில் மூன்றும் அடங்கும். டிட்லிஸுக்கும் யுங்ஃபிராவ்யோக்குக்கும் அது கழிவு மட்டுமே தரும். தொடர்ச்சியான நாட்களுக்கும் வாங்கலாம், ஒரு மாதத்துக்குள் நாம் தெரிவு செய்யும் நாட்களுக்கும் வாங்கலாம். வீட்டில் தங்கி இடையிடையே வெளியே போகிறவர்களுக்கு இரண்டாவது வகை, அல்லது ஒரு மாத அரைக்கட்டண அட்டை. சின்னம்மாவோடு இருக்கப் போகிற நாட்களுக்கு ரயில் பாஸ் எதற்கு?

சின்னம்மா காலையில் ஒன்பது மணிக்குத் தேநீர் குடிப்பார். அந்தத் தேநீர் பத்தரை வரை நீளும். அம்மாவும் அவரும் சிறுபிள்ளைகளாக இருந்தபோது நடந்தவற்றை அவர் சொல்லக் கேட்க இந்த உலகத்தில் இப்போது எங்கள் மூவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் விட நீண்ட தங்கலை அங்கே வைக்க வேண்டும் என்று அக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

விசாவும் மாதமும்

நீண்ட தங்கல் எந்த நாட்டில் என்பதுதான் விசாவையும் தீர்மானிக்கிறது. இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனுக்குள் இருக்கிறது. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைக்காமல் தவிப்பதால் முந்திக்கொள்ளுங்கள்.

அழைப்புக் கடிதத்துக்கும் நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரான்ஸில் வீட்டுக்காரர் தம் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். வீட்டின் பரப்பளவு, வருமானம் எல்லாம் பார்ப்பார்கள். ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பை ஏற்று எழுதிக்கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே உறவினரிடம் முதலில் கேட்க வேண்டியது அதையே. லண்டனிலும் உறவு இருந்தால் அதற்குத் தனி விசா. போய்த் திரும்பி ஐரோப்பாவுக்குள் நுழையப் பலமுறை நுழைவு விசாவும் வேண்டும். நாங்கள் லண்டனை இம்முறை விட்டுவிட்டோம்.

மாதத்தைப் பொறுத்தவரை போட்டி ஜூனுக்கும் ஓகஸ்டுக்கும். ஓகஸ்ட் முடிவில் பாரிஸ் மாணிக்க விநாயகர் தேர் லாச்சப்பல் வீதிகளில் வரும். தேங்காய் உடைக்கும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பிள்ளைகளுக்கும் விடுமுறை இருக்கும். எனினும் என் வாக்கு ஜூனுக்கே. ஹாம் தேர் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெளிச்சம்: ஜூனில் பாரிஸில் இரவு பத்து மணி வரை இருட்டாது. ஆறு மணிக்கு வேலை முடித்து வரும் அண்ணாவோடு சாப்பிட்டுவிட்டு, செய்ன் கரையில் நடந்து, படகில் ஏறி இறங்கி, வீடு திரும்பப் பகல் மீதமிருக்கும். வேலைநாளிலும் உறவோடு வெளியே போக அந்த மாதம்தான் இடம் தருகிறது.

இந்த வழியில் கிடைக்காமல் போவது ரோமும் வெனிஸும். தங்கைக்கு ரோம் மீது நெடுநாள் ஆசை. சூரிச்சிலிருந்து, 2016இல் திறந்த 57 கிலோமீற்றர் கொத்தார்ட் சுரங்கத்தின் வழியே, மூன்றரை மணி நேரத்துக்குள் மிலான் போய்விடலாம். அங்கிருந்து அதிவேக ரயிலில் ரோம். போக வர மூன்று நான்கு நாள் வேண்டும். அந்த நாட்களைச் சின்னம்மாவின் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அட்டவணைத் தாளை மேசையில் விரித்து வைத்து மூவரும் பார்த்தோம். ரோமை அடித்தது தங்கையின் பேனாதான்.